கூரைமேல் விளையும் மின்சாரம்



உடுமலை, தாராபுரம் வட்டாரங்களில் காற்றாலைகள் சுழலக் கண்டு பழகியவர்கள் நாம். இப்போது திருப்பூரின் வீட்டு மாடிகளிலும் சூரியத் தகடுகள் ஏறி வருகின்றன. 2024 பிப்ரவரியில் நடுவண் அரசு தொடங்கிய 'சூர்ய கர்' திட்டத்தில், 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாயும், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் உள்ளவற்றுக்கு 78,000 ரூபாயும் மானியமாக அறிவிக்கப்பட்டன. எஞ்சிய தொகை நம் கைப்பணமே. ஆதலின், விற்பவர் கூறும் சொற்களின் பொருளறிந்து கையொப்பமிடுதல் நன்று.

முதற்சொல் கிலோவாட். தையற்காரர் மணிக்கு எத்தனை பனியன் தைப்பார் என்பது வேகம். மாலையில் எண்ணிப் பார்க்கும் பனியன்கள் விளைவு. கிலோவாட் வேகத்தையும் யூனிட் விளைவையும் குறிக்கும். 1,000 வாட் தேய்ப்புப் பெட்டி ஒரு மணி நேரம் இயங்கினால் 1 யூனிட் செலவாகும்.

1 கிலோவாட் தகடுகளுக்கு நிழல் விழாத ஏறத்தாழ 100 சதுர அடி இடம் வேண்டும். நம் நாட்டு வெயிலில் அவை ஆண்டுச் சராசரியாக நாளொன்றுக்கு ஏறக்குறைய 4 யூனிட் தரும். 3 கிலோவாட் எனில் 12 யூனிட். இரு மாதங்களுக்கு 720 யூனிட். தகடுகள் தென்திசை நோக்கிச் சாய்ந்திருத்தல் வேண்டும். தூசி படிந்தால் விளைச்சல் குறையும்.

தகடு தருவது நேர்மின்னோட்டம். வீட்டுக் கருவிகள் வேண்டுவதோ மாறுமின்னோட்டம். ஒன்றை மற்றொன்றாக்குவது இன்வெர்ட்டர். பகலில் மிஞ்சி மின்வாரியக் கம்பிக்குச் செல்வதையும், இரவில் நாம் பெறுவதையும் தனித்தனியே பதிவு செய்வது நெட் மீட்டர்.

இனிக் கூறுவதே தலையாயது. மின்வாரியக் கம்பியோடு இணைந்த, பாட்டரி இல்லாத அமைப்பு, மின்தடையின்போது நண்பகல் வெயிலிலும் தானே நின்றுவிடும். இது பழுதன்று. கம்பத்தில் பழுதுபார்க்கும் பணியாளரை நம் வீட்டு மின்சாரம் தாக்கிவிடாதிருக்கச் செய்த காப்பு அது. வீட்டிலேயே பவர்டேபிள் வைத்து, குறித்த நாளில் துணி தைத்துக் கொடுக்கும் குடும்பங்கள் இதனை மறத்தலாகாது. மின்தடையிலும் வேலை நடக்க வேண்டுமாயின், பாட்டரியும் அதற்கேற்ற இன்வெர்ட்டரும் தேவை. அவற்றின் விலை தனி. பாட்டரிக்கென மானியம் கூடுவதில்லை.

எனவே விற்பவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: எத்தனை கிலோவாட்? நாளொன்றுக்கு எத்தனை யூனிட்? மின்சாரம் நின்றால் எவை இயங்கும்? விடைகளை எழுத்தில் பெற்ற பின்னரே முன்பணம் கொடுங்கள்.