பறவையை எண்ணுகிறவர்கள் யாரை எண்ணவில்லை?

ஜனவரி பிறந்தால் பள்ளிக்கரணை சதுப்புநிலத்தின் ஓரத்தில் விடிவதற்குள் கார்கள் வந்து நிற்கின்றன. கழுத்தில் பைனாகுலர், கையில் முழ நீளக் கேமரா. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு, பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு, வனத்துறையின் கணக்கெடுப்பு என்று ஒன்று முடிந்தால் இன்னொன்று. எண்ண வருகிறவர்களில் பெரும்பாலோர் தன்னார்வலர்கள், கூலி வாங்காதவர்கள். ஒரு நீர்நிலை நலமாக இருக்கிறதா, நலிகிறதா என்று அரசு பேசும்போது அவர்கள் தந்த கணக்கும் மேசைக்கு வருகிறது. அந்த உழைப்பை நாங்கள் கேலி செய்யவில்லை. அந்தக் கூட்டத்தில் நாம் ஏன் இல்லை என்றுதான் கேட்கிறோம்.

"வயித்துப்பாட்டுக்கே வழியில்ல, இதுல பறவை பாக்கணுமா?" என்று நம் தோழர்களே சொல்கிறார்கள். சொல்லுங்கள். ஆனால் அந்தச் சதுப்புநிலத்தின் கதையைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

ஒரு காலத்தில் ஐயாயிரம் ஹெக்டேர் அளவுக்குப் பரந்திருந்த நிலம் அது. 2007இல் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது 317 ஹெக்டேர். பிறகு கொஞ்சம் கூடியது. மீதியைத் தின்றது யார்? மாநகராட்சியின் குப்பைமேடு, ஐ.டி. வளாகங்கள், அடுக்குமாடிகள், மத்திய அரசின் ஆய்வு நிறுவனங்கள், ரயில் நிலையம், சாலைகள். இவர்களில் ஒருவரையாவது 'ஆக்கிரமிப்பாளர்' என்று யாரும் அழைத்துக் கேட்டிருக்கிறீர்களா? அந்தச் சொல் கூவம் கரைக்கும் அடையாற்றங்கரைக்கும் என்றே நேர்ந்துவிடப்பட்ட சொல்.

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அந்தக் கரைகளிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்களைப் பெயர்த்தார்கள். நீர்நிலையில் குடியிருக்கக் கூடாதாம். பெயர்த்தவர்களைப் பெரும்பாக்கத்தில் இறக்கினார்கள். பெரும்பாக்கம் என்ன மேட்டு நிலமா? தென்சென்னை ஏரிகளின் உபரிநீர் சதுப்புநிலத்துக்குப் போகும் தாழ்வான வழி. அதே 2015 வெள்ளத்தில் பெரும்பாக்கமும் செம்மஞ்சேரியும் தண்ணீரில் நின்றன. அங்கே குடிவைக்கப்பட்டவர்களில் பெரும்பகுதி நம் மக்கள். தலைக்கு மேல் ஒரு வாரியம் உண்டு. குடிசை மாற்று வாரியம் என்று இருந்ததை நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். பெயர் மாறியது.

2022 ஏப்ரலில் பள்ளிக்கரணை ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்று எல்லோரும் கொண்டாடினார்கள். அதே ஏப்ரல் கடைசியில், சதுப்புநிலத்தின் மேலேயே குவிக்கப்பட்டிருக்கும் பெருங்குடி குப்பைமேடு பற்றி நாள்கணக்கில் எரிந்தது. அந்தப் புகையை முதலில் சுவாசித்தவர்கள் குப்பை பொறுக்கிப் பிழைப்பவர்களும் தூய்மைப் பணியாளர்களும். எந்தக் காற்றுக்குப் புகை எந்தப் பக்கம் போகும், மழைக்குப் பிறகு கறுப்புத் தண்ணீர் எந்த வழியாக வடிந்து இறங்கும் என்பது அவர்களுக்கு மனப்பாடம். சூழலியலில் பட்டம் வாங்கியவர் ஆண்டுக்கு இரண்டு காலைப்பொழுது வந்து பார்ப்பதை அவர்கள் தினமும் பார்க்கிறார்கள். அவர் எழுதினால் அதற்குப் பெயர் தரவு. இவர்கள் சொன்னால் புலம்பல்.

ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பின் படிவத்தில் பறவைகளின் எண்ணிக்கை மட்டுமல்ல, அந்த இடத்தின் நிலைமை, அதற்குள்ள அச்சுறுத்தல் பற்றி எழுதவும் இடமிருக்கிறது. அதை நிரப்பும் கண் யாருடையது? முழங்கால் நீரில் வலை வீசும் முதியவரை ஒரு கண் 'மனித இடையூறு' என்று எழுதும். இரவில் கட்டட இடிபாட்டைக் கொட்டிவிட்டுப் போகும் லாரி அந்தக் கண்ணுக்குத் தெரியாது, அது விடியற்காலையில்தானே வருகிறது. பெரும்பாக்கத்துப் பிள்ளைக்குத் தெரியும். அவன் வீட்டு ஜன்னலுக்குக் கீழேதான் அந்த லாரி போகிறது.

காட்டுப் பகுதியில் இதற்குச் சட்டமே இருக்கிறது. 2006 வன உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, காட்டையும் காட்டுயிரையும் நீர்நிலையையும் காக்கும் அதிகாரத்தை உரிமை பெற்ற மக்களுக்கும் கிராம சபைக்கும் தருகிறது. அங்கே கண்காணிப்பு என்பது தன்னார்வம் அல்ல, அதிகாரம். நகரத்துச் சதுப்புநிலத்தின் ஓரத்தில் கிடக்கும் நமக்கு அப்படி ஒரு பிரிவு இல்லை. 'வெட்லேண்ட் மித்ரா' என்ற பெயரில் ஈரநிலத்துக்கு உள்ளூர் நண்பர்களைச் சேர்க்கும் மத்திய அரசுத் திட்டம் உண்டு. உள்ளூர் என்றால் யார்? அடுக்குமாடிக் குடியிருப்போர் நலச்சங்கம் மட்டுமா?

மகாத்தில் சவுதார் குளம் எல்லோருக்கும் பொது என்று நகராட்சி ஏற்கெனவே தீர்மானம் போட்டிருந்தது. தீர்மானம் தாளில் கிடந்தது. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் நடந்துபோய் அந்த நீரை அள்ளிக் குடித்தார். திரும்பும் வழியில் நம் மக்கள் அடி வாங்கினார்கள். பொது நீர்நிலை என்று எழுதியிருந்தால் போதாது, அங்கே போய் நிற்க வேண்டும்.

ஆகவே மாணவத் தோழர்களே, வரும் ஜனவரிக் கணக்கெடுப்பில் பெயர் கொடுங்கள். தனியாகப் போகாதீர்கள், ஐந்து பேராகப் போங்கள், ஒருவனை "எந்த ஏரியா தம்பி?" என்று கேட்பார்கள், ஐந்து பேரைக் கேட்கத் தயங்குவார்கள். பறவையை எண்ணுங்கள், பெயர்களைக் கற்றுக்கொள்ளுங்கள், தப்பும் தவறுமாக எண்ணிப் பேச்சு வாங்காதீர்கள். கூடவே சாக்கடை கலக்கும் இடத்தை, லாரி வந்த நேரத்தை, கையுறை இல்லாமல் குப்பை பிரிக்கும் அக்காவை நாளும் தேதியும் போட்டு எழுதுங்கள். எழுதியதை அதே படிவத்தோடு சேர்த்துக் கொடுங்கள். வாங்க மறுத்தால், அந்த மறுப்பை எழுத்தில் கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது, மனுவுக்குப் பத்து ரூபாய்.

பைனாகுலர் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். துரைப்பாக்கம் ரேடியல் ரோட்டில் நின்றால், பூநாரை வந்திருக்கும் நாளில் வெறுங்கண்ணுக்கே தெரியும்.