கால் பாதி, கரண்டி பாதி

எடை குறைய வேண்டுமா? நடக்கக் கிளம்பும் முன் எண்ணெய்க் கரண்டியைப் பாருங்கள். மாவுச்சத்திலும் புரதத்திலும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பில் 9. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் சுமார் 120 கலோரி. அதை எரிக்க, 65 கிலோ எடையுள்ளவர் ஏறக்குறைய அரை மணி நேரம் விறுவிறுப்பாக நடக்க வேண்டும்.

அப்படியானால் நடை வீணா? இல்லை. ரத்தச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கவும், குறைந்த எடை திரும்பாமல் காக்கவும் அதுதான் துணை. பட்டினி உதவாது, கொழுப்போடு தசையும் கரையும். இந்தியர்களுக்கு இதில் அலட்சியம் கூடாது. மேலை நாட்டினருக்கு உடல் நிறை எண் 25இல் தொடங்கும் அதிக எடை, நமக்கு 23லேயே தொடங்கிவிடுகிறது.

தினமும் ஒரு கரண்டி எண்ணெயைக் குறைத்து, அரை மணி நேரம் நடந்தால் சுமார் 250 கலோரி மிச்சம். அதைத் திருப்பிக் கொடுக்க, வீடு திரும்பும் வழியில் ஒரு பெரிய சமோசா போதும்.