தவறுவதற்கும் ஒரு மூலதனம் வேண்டும்

1935ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 1ஆம் தேதி, டாடா கம்பெனியின் சிறிய விமானம் ஒன்று திருவிதாங்கூர் அஞ்சல் பையைச் சுமந்துகொண்டு திருவனந்தபுரத்திலிருந்து பம்பாயை நோக்கி எழும்பியபோது, தொடுவெட்டி என்று பெரியவர்கள் இன்றும் சொல்லுகிற நம்முடைய மார்த்தாண்டமும் அந்தச் சமஸ்தானத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது. சரியாக 21 ஆண்டுகள் கழித்து, அதே நவம்பர் 1ஆம் தேதியன்று, விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை ராஜ்யத்தோடு இணைந்தன. நமது பாஷைக்கும் உணர்ச்சிக்கும் உரிய அந்த இணைப்பின்போது, விமான நிலையம் மட்டும் எல்லைக்கு அப்பால் நின்றுவிட்டது. ஆயினும் வளைகுடா நாடுகளுக்குப் பிழைக்கச் சென்ற பிள்ளைகளை வழியனுப்புவதற்கென்று அந்த நிலையத்தின் வாசலில் கால் கடுக்க நின்றிராத குடும்பம் குழித்துறை ஆற்றின் இரு கரையிலும் அபூர்வம். இத்தனை பேர் விமானத்தின் பின் ஆசனங்களில் அமர்ந்து பிரயாணம் செய்த ஒரு பிரதேசத்திலிருந்து, அதன் முன் ஆசனத்தில் அமர்ந்து அதைச் செலுத்துகிறவர்கள் ஏன் இவ்வளவு சொற்பமாக வந்திருக்கிறார்கள் என்னும் கேள்வி என் மனத்தை நெடுநாளாக உறுத்தி வருகிறது.

அறிவு போதவில்லை என்றோ, துணிவு போதவில்லை என்றோ அதற்குப் பதில் சொல்ல நான் ஒருப்படேன். தூத்தூரிலும் வள்ளவிளையிலும் பிறந்து, கச்சான் எப்போது எழும், வாடை எப்போது திரும்பும் என்பதைத் தோலாலேயே அறிந்து, கரை தெரியாத ஆழ்கடலில் வாரக்கணக்கில் தொழில் செய்கிற மக்களின் சந்ததிக்குத் துணிவைப் பற்றி யாரும் உபதேசம் செய்ய வேண்டியதில்லை. குறை வேறிடத்தில் இருக்கிறது.

பிரைவேட் பைலட் லைசென்ஸ் எனப்படும் தனி விமானி உரிமத்தைப் பெறுவதற்கு நமது நாட்டு விதிகள் கேட்பவை மிகப் பெரியவை அல்ல. வயது 17 நிறைந்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்பில் தேறியிருக்க வேண்டும். இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்று வேண்டும். விமானச் சட்டம், வழியறியும் கலை, வானிலை, எஞ்சின் முதலிய விஷயங்களில் எழுத்துத் தேர்வு எழுதி நூற்றுக்கு 70 பெற வேண்டும். குறைந்தபட்சம் 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும், அதில் ஒரு பகுதி ஆசிரியர் அருகில் இல்லாமல் தனியாகவே பறந்ததாக இருக்க வேண்டும். இந்த வாக்கியத்தில் ‘குறைந்தபட்சம்’ என்னும் சொல்லை வாசகர்கள் சற்றே மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். அமெரிக்காவிலும் சட்டம் கேட்பது அதே 40 மணிதான்; ஆனால் அங்கே சாதாரண மாணவர் ஒருவர் 60 மணியைத் தாண்டிய பிறகே பரீட்சைக்குத் தயாராகிறார் என்பது அத்துறையில் எல்லோரும் அறிந்த சங்கதி.

அந்த உபரி மணிகள் எங்கே போகின்றன? பெரும்பாலும் தரையிறங்கும் இடத்தில். விமானம் ஓடுதளத்திற்கு மேலே பதினைந்து இருபது அடி உயரத்தில் வந்து சேரும்போது, அதன் மூக்கை மெல்ல மெல்ல மேலே உயர்த்தி, வேகத்தைத் தணித்து, பின்சக்கரங்கள் இரண்டும் தரையைத் தொடும்படி வைப்பதற்கு ‘ஃப்ளேர்’ என்று பெயர். புதிய மாணவனின் பார்வை இயல்பாகவே சக்கரத்திற்கு முன்னாலுள்ள தரையில் பதிகிறது. தரை அவனை நோக்கிப் பாய்ந்து வருவதாகத் தோன்றுகிறது. அச்சத்தில், விமானத்தைச் செலுத்தும் கட்டையைச் சட்டென்று இழுக்கிறான். விமானம் மறுபடி எழும்பி, வேகமிழந்து, தொப்பென்று விழுந்து துள்ளுகிறது. ஓடுதளத்தின் மறு கோடியைப் பார் என்று ஆசிரியர் நூறு முறை சொல்லியிருப்பார். அந்த வார்த்தை காதிலிருந்து கைக்கு இறங்கி வருவதற்கு வாரங்கள் ஆகலாம். நேற்று மூன்று முறை சீராக இறங்கியவன் இன்று ஒரு முறைகூட இறங்க முடியாமல், இது நமக்கு விதிக்கப்பட்ட தொழில் அன்று என்று மனம் கசந்துபோகும் கட்டம் ஏறக்குறைய எல்லா மாணவருக்கும் வருகிறது. ஆசிரியர் இறங்கிக்கொண்டு முதன்முதலாகத் தனியே அனுப்பும்போதோ, ஒரு மனிதரின் பாரம் குறைந்த விமானம் முன்னைவிடச் சீக்கிரமாக எழும்புகிறது, இறங்கும்போது தரையைத் தொட மறுத்து மிதந்துகொண்டே போகிறது. கற்ற பாடத்தையே மறுபடி கற்க வேண்டியதாகிறது.

இவற்றோடு வானிலையும் சேர்ந்துகொள்கிறது. திருவனந்தபுரத்து ஓடுதளம் கடற்கரைக்கு ஏறத்தாழ இணையாக, வடமேற்கிலிருந்து தென்கிழக்காகக் கிடப்பது. ஆகவே பிற்பகலில் கடலிலிருந்து எழுகிற காற்று விமானத்தைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. பக்கக் காற்றில் இறங்குவது தேர்ந்தவருக்கே கவனத்தைக் கோரும் காரியம். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் ஆகிய இரண்டும் தப்பாமல் வந்து பெய்கிற இந்தத் தென்கோடியில், கண்ணால் பார்த்தே பறக்க வேண்டிய மாணவனுக்கு மேகம் தாழ்ந்துவிட்டால் அன்றைய பாடம் இல்லை. பத்து நாள் பாடம் இல்லையென்றால் கை மறந்துவிடுகிறது. மறந்த கையை மீட்பதற்கு முன்னே செலவழித்த மணிகளை மறுபடியும் செலவழிக்க வேண்டும்.

இதுவரை சொன்ன இடர்கள் எல்லாம் ஒரு விமானியை உருவாக்குகிறவை என்பது என் திடமான அபிப்பிராயம். அவற்றைக் குறைத்துத் தரும்படி யாரும் கேட்கவும் கூடாது. சரியாக அமையாத இறக்கத்தைக் கைவிட்டு மறுபடி மேலே ஏறி ஒரு சுற்றுச் சுற்றி வருவதற்குக் ‘கோ-அரவுண்ட்’ என்று சொல்லுகிறார்கள். அப்படி மேலேறுவதற்கு வெட்கப்படாத மாணவனே பிற்காலத்தில் நம்பத் தகுந்த விமானி ஆகிறான். எப்படியாவது இறக்கிவிட வேண்டும் என்று பிடிவாதம் செய்கிறவனைக் கண்டுதான் ஆசிரியர்கள் அஞ்சுகிறார்கள்.

ஆனால் அந்தக் கோ-அரவுண்டுக்கும் எரிபொருள் வேண்டும். பயிற்சி விமானம் ஒரு மணி நேரம் பறப்பதற்கு இன்று பத்தாயிரம் ரூபாய்க்குமேல் ஆகிறது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குத் தரையிறங்கத் தெரியவில்லை என்றால் இன்னும் பத்து மணி நேரம் கற்றுக்கொள்கிறான், அவ்வளவே. ரப்பர் பால் வெட்டியோ, படகில் பங்கு வேலை செய்தோ, பெண்பிள்ளையின் நகையை வங்கியில் வைத்தோ, சட்டம் சொல்லும் 40 மணிக்குச் சரியாகப் பணத்தை எண்ணிக்கொண்டு வந்த வீட்டுப் பிள்ளைக்கோ, 41ஆவது மணி என்பது கிடையாது. இருவரும் ஒரே பிழையைத்தான் செய்கிறார்கள். ஒருவனுக்கு அது பாடமாகவும், மற்றவனுக்கு அது முடிவாகவும் அமைந்துவிடுகிறது. தேர்ச்சி பெறுவதற்கு மட்டுமன்று, தவறித் தவறிக் கற்பதற்கும் மூலதனம் வேண்டியிருக்கிற தொழில் இது. விடாமுயற்சியைப் புகழ்ந்து மாணவர்களுக்குப் பிரசங்கம் செய்கிறவர்கள் இந்த ஒரு விஷயத்தை ஏனோ கவனிப்பதில்லை.

இந்திய விமானக் கலையின் ஆரம்ப காலத்து வரலாற்றிலேயே இதற்கு ஓர் உதாரணம் உண்டு. ஜே. ஆர். டி. டாடா 1929ஆம் ஆண்டு பிப்ரவரி 10ஆம் தேதி இந்தியாவின் முதல் எண் கொண்ட விமானி உரிமத்தைப் பெற்றார். மறு ஆண்டில், இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே தனியே பறந்து முடிக்கும் முதல் இந்தியருக்கு ஆகா கான் அறிவித்த பரிசுக்காக அவர் கராச்சியிலிருந்து புறப்பட்டார். ஆஸ்பி என்ஜினியர் என்னும் பதினேழு வயது வாலிபர் இங்கிலாந்திலிருந்து எதிர்த் திசையில் வந்தார். எகிப்தில் அபூகீர் என்னும் இடத்தில் இருவரும் சந்தித்தபோது, ஆஸ்பி ஸ்பார்க் பிளக் கெட்டு மேலே போக வகையின்றித் தங்கியிருந்தார். டாடா தம்மிடமிருந்த உபரி பிளக்குகளை அவருக்குக் கொடுத்தார். பரிசு ஆஸ்பிக்குக் கிடைத்தது. அந்த வாலிபரே பின்னாளில், 1960 முதல் 1964 வரை, இந்திய விமானப் படையின் தலைமைத் தளபதியாக விளங்கினார். ஆஸ்பியின் திறமையில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் பாலைவனத்து ஓரத்தில் பிளக் இல்லாமல் நின்ற ஒருவரை அவருடைய மனோதிடம் மட்டும் கரை சேர்த்திருக்க முடியாது. போட்டியாளரின் பெட்டியிலிருந்து வந்த உதவியே அவரை மேலே எழுப்பியது.

நிறத்தின் காரணமாகத் தாய்நாட்டிலேயே எல்லா விமானப் பயிற்சிப் பள்ளிகளும் கதவடைத்தபோது, சிகாகோ நகரத்தின் முடிதிருத்தும் கடையொன்றில் நகம் ஒழுங்கு செய்து பிழைத்த பெஸ்ஸி கோல்மன் என்னும் கறுப்பினப் பெண்மணி, பிரெஞ்சு பாஷையைக் கற்று, கடல் கடந்து பிரான்ஸ் சென்று, 1921ஆம் ஆண்டு ஜூன் 15ஆம் தேதி சர்வதேச உரிமம் பெற்றதை உலகம் வியக்கிறது. வியக்க வேண்டியதுதான். ஆனால் அவர் அத்தனை தூரம் சென்றது அவருக்குப் பெருமை, அவரை அனுப்பிய நாட்டுக்கு இழுக்கு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நமக்கு அருகிலேயே ஒரு வரலாறு நடந்திருக்கிறது. திருச்சூரைச் சேர்ந்த ஆடம் ஹாரி என்னும் திருநம்பி, ஜோகன்னஸ்பர்க் நகரத்தில் பயின்று தனி விமானி உரிமம் பெற்றவர். அவருடைய பாலின அடையாளத்தைக் குடும்பம் ஏற்க மறுத்தமையால் மேற்படிப்பு தடைப்பட்டது. வானில் பறந்த அந்த இளைஞர் பழரசக் கடையில் வேலை பார்த்தார். கேரள அரசின் சமூக நீதித் துறை அவருக்கு 23 லட்சம் ரூபாய்க்குமேல் ஒதுக்கி, திருவனந்தபுரத்தில் அவ்வரசு நடத்துகிற ராஜீவ் காந்தி விமானத் தொழில்நுட்ப அகாடமியில் வர்த்தக விமானி உரிமத்திற்குப் படிக்க வழி செய்தது. பிறகு ஹார்மோன் சிகிச்சையைக் காரணம் காட்டி மருத்துவச் சான்று மறுக்கப்பட்டது. அதையும் அவர் வாய் மூடி ஏற்கவில்லை. விவகாரம் நாடெங்கும் பேசப்பட்டு, 2022 ஆகஸ்டில் சிவில் விமானப் போக்குவரத்து இயக்ககம் மாற்றுப் பாலினத்தாருக்கான மருத்துவ வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. ஒரு தனி மனிதரின் பிடிவாதமும் ஓர் அரசின் பணமும் ஒன்று கூடியதனால் விளைந்தது அது. இரண்டில் ஒன்று குறைந்திருந்தாலும் அந்தக் கதை பழரசக் கடையோடு முடிந்திருக்கும்.

அதற்கு முந்தைய ஆண்டு, 2021 மே மாதத்தில், நம் எல்லையிலிருந்து கூப்பிடு தூரம் என்றே சொல்லத்தக்க கொச்சுத்துறை என்னும் மீனவக் கிராமத்தைப் பூர்வீகமாகக் கொண்ட ஜெனி ஜெரோம், ஷார்ஜாவிலிருந்து திருவனந்தபுரத்திற்கு வந்த விமானத்தைத் துணை விமானியாக இருந்து செலுத்தி வந்தார். அந்தச் செய்தியைப் படித்த நமது கரையோரத்துச் சிறுமிகளில் எத்தனை பேர் அன்றிரவு தாயிடம் வந்து அந்தப் படிப்பைப் பற்றிக் கேட்டிருப்பார்கள்! அவர்களுக்குச் சொல்ல நம்மிடம் என்ன பதில் இருக்கிறது?

விமானம் ஓட்டுவது செல்வந்தரின் பொழுதுபோக்கு, ஏழை நாட்டின் பொதுப் பணத்தை அதற்கு எதற்காகச் செலவிட வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. தனி விமானி உரிமத்தை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் அந்தக் கேள்வியில் நியாயம் இருப்பதாகத் தோன்றும். ஆனால் 200 மணி நேரம் பறந்து பெற வேண்டிய வர்த்தக உரிமத்திற்கும் அதே நாற்பது மணிகள்தாம் அடிப்படை. மருத்துவக் கல்லூரிக்கும் பொறியியல் கல்லூரிக்கும் ஏழை மாணவனை அனுப்புவது அரசின் கடமை என்று ஒப்புக்கொண்ட தமிழ்நாடு, வானத்திற்கு மட்டும் வேறு நியாயம் வைக்க வேண்டிய அவசியம் என்ன?

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. கட்டணம் ஒரு ரூபாய்கூடக் கட்டுவதற்கு முன் மருத்துவப் பரிசோதனையை முடித்துவிடுங்கள். நிறப்பார்வைக் குறை போன்றவை ஆரம்பத்திலேயே தெரிந்துவிட்டால் கடன் மிஞ்சாது. பணத்தைத் தவணை தவணையாகச் சேர்த்து இடைவெளி விட்டுப் பயிலுவதைவிட, ஓராண்டு காத்திருந்தாவது மொத்தமாகச் சேர்த்துத் தொடர்ந்து பயிலுவதே சிக்கனம். முதல் தேர்வில் தவறினான் என்பதற்காகவோ, சகமாணவன் தனியே பறந்துவிட்டான், இவன் இன்னும் பறக்கவில்லை என்பதற்காகவோ பிள்ளையை வீட்டுக்குத் திரும்பி வரச் சொல்லாதீர்கள்.

கோவில்பட்டி அருகேயுள்ள பழைய ஓடுதளத்தில் விமானப் பயிற்சி நிலையம் ஒன்றை அமைப்பதற்குத் தமிழ்நாட்டுத் தொழில் வளர்ச்சிக் கழகமாகிய டிட்கோ முயற்சி எடுத்து வருகிறது. தென் மாவட்டங்களுக்கு இது பெரும் பாக்கியம். ஆனால் ஓடுதளமும் விமானங்களும் தனியார் ஸ்தாபனம் ஒன்றின் கட்டண விகிதமும் மட்டும் வந்து சேருமானால், நம்மூர்ப் பிள்ளைகள் வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்ப்பார்கள். அந்த நிலையத்தில் ஆண்டுதோறும் குறிப்பிட்ட இடங்களை ஏழை மாணவருக்கு ஒதுக்க வேண்டும். அவர்களுக்குத் தரும் உதவித்தொகையைச் சட்டம் கேட்கும் குறைந்தபட்ச மணிகளுக்கு மட்டும் கணக்கிடாமல், பிழை செய்து திருத்திக்கொள்வதற்கான உபரி மணிகளையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு முன்னரே இந்த இரண்டு நிபந்தனைகளையும் அதில் எழுதச் செய்யுமாறு குமரி, நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களின் சட்டமன்ற உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.