கணக்கில் வராத சிறை நாட்கள்: எங்கள் நிலைப்பாடு

விசாரணைக் கைதியாகக் கழித்த காலத்தைத் தண்டனையில் கழிக்கக் கோரி நம் அமைப்பு துணைநின்று நடத்திய மனு, அந்தக் காவல் ‘அதே வழக்கில்’ இல்லை என்று கூறித் தள்ளுபடி செய்யப்பட்டிருக்கிறது. உத்தரவை மதிக்கிறோம். மேல்முறையீடு குறித்துச் சட்டக்குழு முடிவெடுக்கும். ஆனாலும் இதைப் பேசாமல் கடக்கச் செயற்குழுவில் யாருக்கும் மனமில்லை.

1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம், பிரிவு 428 வழியாக, அதே வழக்கில் காவலில் இருந்த நாட்களைத் தண்டனையில் கழிக்கும் உரிமையைத் தந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (பி.என்.எஸ்.எஸ்.) அதையே 468 என்று எண் மாற்றி எடுத்துக்கொண்டது. முழுச் சட்டத்தையும் மாற்றி எழுத நேரம் இருந்தவர்களுக்கு, ஐம்பது ஆண்டு வழக்காடலைக் கிளப்பிய இந்த ஒரு பிரிவைத் தெளிவாக்க நேரம் கிடைக்கவில்லை.

சிக்கல், ஏற்கெனவே சிறையில் இருப்பவரை இன்னொரு வழக்கிலும் கைதானதாகக் காட்டும் ‘ஃபார்மல் அரெஸ்ட்’டில் இருக்கிறது. ஒருவர் ஒரு காவல் நிலையத்தின் திருட்டு வழக்கில் ரிமாண்டாகிச் சிறைக்குப் போகிறார். பக்கத்து நிலையத்தின் வழக்கிலும் அவர் பெயர் இருக்கிறது. அவர் எந்தச் சிறையில், எந்த பிளாக்கில் இருக்கிறார் என்பது வரை அந்த நிலையத்துக்குத் தெரியும். இருந்தும், சிறையில் இருப்பவரைத் தன் வழக்கில் நீதிமன்றத்துக்கு வரவழைக்கும் பி.டி. வாரண்ட் போடுவதில்லை. எட்டு மாதம் கழித்து முதல் வழக்கில் ஜாமீன் கிடைக்கிறது. வீட்டார் அலைந்து திரிந்து இரண்டு ஜாமீன்தாரரைப் பிடித்து, வரி ரசீதோடு நீதிமன்றத்தில் நிறுத்தி, விடுதலை உத்தரவைச் சிறைக்குக் கொண்டு சேர்க்கிற அன்றுதான் அந்த பி.டி. வாரண்டும் வந்து சேர்கிறது. எட்டு மாதம் கிடைக்காத காவலர் அன்று மட்டும் எப்படிக் கிடைக்கிறார்? பிறகு முதல் வழக்கில் அவருக்கு விடுதலை; இரண்டாவதில் ஓராண்டு தண்டனை. குற்றமற்றவர் என்று நீதிமன்றமே சொன்ன வழக்குக்காக இருந்த எட்டு மாதம் எந்தக் கணக்கிலும் சேராது. தண்டனை வாரண்டில் எழுதியதைத்தான் சிறை அலுவலகம் பார்க்கும். அதில் கழிக்க வேண்டிய நாட்களுக்கான ‘செட் ஆஃப்’ இடத்தில் அந்த எட்டு மாதம் இருக்காது. வாரண்ட் இப்படித் தாமதமாவதைத் தற்செயல் என்று எழுத வேண்டும் என்று சிலர் கேட்டனர். ‘பல நேரங்களில் தற்செயலாகத் தெரியவில்லை’ என்ற சொற்களில் குழு உடன்பட்டது.

இரு வழக்குகளிலும் ஒரே காலத்தில் காவலில் இருந்தவருக்கு இரண்டிலும் கழிக்கலாம் என்று நஜாகத் அலி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2001-இலேயே சொல்லிவிட்டது. ஆனால் இரண்டாவது வழக்கில் கைது காட்டினால்தானே அவர் ‘காவலில்’ இருப்பார்? காட்டுவதும் காட்டாததும் காவல்துறையின் கையில். ஒரு மனிதனின் தண்டனைக் காலத்தை நீதிபதி முடிவு செய்கிறாரா, வாரண்ட் வாங்கப் போக வேண்டிய ஏட்டா?

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறோம். ஆயுள் கைதிகளுக்கும் இந்த உரிமை உண்டு என்பது 1985-இல் பகீரத் வழக்கிலேயே முடிந்துபோன விஷயம். தடுப்புக் காவலுக்கு அடிப்படையான வழக்கில் ஜாமீன் கிடைத்த பின் குண்டர் சட்டத்தில் மட்டும் சிறையில் இருந்த நாட்களையும் சேர்க்க வேண்டும் என்பது நம் பெரும்பான்மைக் கருத்து. ஒருமித்த கருத்து அல்ல. வேறொரு வழக்கில் தண்டனை அனுபவித்த நாட்களை இந்தக் கட்டத்தில் நாம் கோரவில்லை.

468-ஆம் பிரிவைத் திருத்தி, குற்றஞ்சாட்டப்பட்டவர் வேறு வழக்கில் சிறையில் இருப்பது காவல்துறைக்குத் தெரிந்த நாளிலிருந்தே இந்த வழக்கிலும் அவர் காவலில் இருப்பதாகக் கொள்ள வேண்டும். கொடுங்குற்றங்களுக்குத் தனி வரையறை தேவையா என்பதைப் பேசத் தயார். பேசுவதையே காரணமாக்கி இன்னொரு ஐம்பது ஆண்டு இழுக்கத் தயாரில்லை. 2022 இறுதியில் நாட்டின் சிறைகளில் இருந்தவர்களில் நான்கில் மூவர் விசாரணைக் கைதிகள். அவர்களிடம் பொறுமை கேட்கும் தகுதி யாருக்கும் இல்லை.

சட்டம் திருந்தும்வரை உறுப்பினர்களான வழக்கறிஞர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கட்சிக்காரர் மீது வேறு வழக்கு உண்டா என்று முதல் நேர்காணலிலேயே கேளுங்கள். இருந்தால், காவல்துறைக்குக் காத்திராமல், அவரை அந்த வழக்கிலும் ஆஜர்படுத்தக் கோரி நீங்களே மனு போடுங்கள். தீர்ப்பு நாளில் தண்டனை வாரண்டில் நாட்கள் எழுதப்பட்டதைப் பார்க்காமல் நீதிமன்றத்தை விட்டு வராதீர்கள்.