மீத்திறன் வகுப்பின் கதவு யாருக்குத் திறக்கிறது?

நியூயார்க் நகர அரசுப் பள்ளிகளில் மீத்திறன் குழந்தைகளுக்கென நடத்தப்படும் தனி வகுப்புகள் மீண்டும் அரசியல் சர்ச்சையாகியிருக்கின்றன. 2025 நவம்பரில் நடந்த மேயர் தேர்தலில் வென்ற ஜொஹ்ரான் மம்தானி, மழலையர் வகுப்பு நிலையில் இத்திட்டத்தை நிறுத்தப்போவதாகத் தேர்தலுக்கு முன்பே அறிவித்திருந்தார். 2021 அக்டோபரில், பதவிக்காலத்தின் இறுதியில் இருந்த மேயர் பில் டி பிளாசியோவும் இவ்வகுப்புகளுக்கு முடிவுகட்டப்போவதாகச் சொன்னார். அவருக்குப் பின் வந்த எரிக் ஆடம்ஸ் 2022 ஏப்ரலில் அந்த முடிவைக் கைவிட்டதோடு, மழலையர் வகுப்பில் 100 இடங்களையும் மூன்றாம் வகுப்பில் 1,000 இடங்களையும் கூடுதலாக்கினார். மேயர் மாறும்போதெல்லாம் ஐந்து வயதுக் குழந்தையின் வகுப்பறையும் மாறும் நிலை அங்கே உருவாகியிருக்கிறது.

திறமையுள்ள குழந்தைகளின் வளர்ச்சியைத் தடுக்கிறார்கள் என்கிறது ஒரு தரப்பு. பிஞ்சு வயதில் தரம் பிரிப்பதே அநீதி என்கிறது மறுதரப்பு. இரு தரப்பினரின் கட்டுரைகளையும் தொடர்ந்து வாசித்துவருபவன் என்ற முறையில் எனக்கு ஒரு வியப்பு உண்டு. அந்த வகுப்புக்குள் குழந்தைகள் என்னதான் செய்கிறார்கள் என்பதை யாருமே விரிவாகச் சொல்வதில்லை.

அமெரிக்கத் தொடக்கப் பள்ளிகள் பலவற்றில் இது முழுநேர வகுப்பு அன்று. வாரத்தில் சில மணி நேரம், தேர்வான குழந்தைகள் மட்டும் வழக்கமான வகுப்பிலிருந்து எழுந்து வேறோர் அறைக்குச் செல்வார்கள். என்னிடம் முதுகலை பயின்று, இப்போது நியூ ஜெர்சியில் வசிக்கும் மாணவி ஒருவர், தம் மகள் அந்த அறையில் செய்வதையெல்லாம் அவ்வப்போது எழுதுவார். 'ஐந்து பேர், ஐந்து வீடுகள், ஐந்து வளர்ப்புப் பிராணிகள், யாருடையது எது?' என்று கட்டம் போட்டு விடை காணும் தருக்கப் புதிர்கள். ஏழு துண்டுகளைச் சேர்த்து உருவங்கள் அமைக்கும் டான்கிராம். உறிஞ்சு குழல்களையும் ஒட்டு நாடாவையும் மட்டும் வைத்துப் பச்சை முட்டைக்கு ஒரு கூடு செய்து, மாடியிலிருந்து போட்டாலும் உடையாமல் காக்க வேண்டிய போட்டி. ஒரு கதையைப் படித்துவிட்டு, 'அவன் செய்தது சரியா?' என்று வட்டமாக அமர்ந்து வாதிடுவது. ஆசிரியர் விடை சொல்லமாட்டார், கேள்விதான் கேட்பார். கூடவே, குழந்தை தானே ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்துப் பல வாரங்கள் ஆராய்ந்து கண்காட்சியில் வைக்கும் தனி ஆய்வு. அந்தச் சிறுமி, பள்ளி உணவகத்தில் வீணாகும் பால் பெட்டிகளை ஒரு மாதம் எண்ணிப் பட்டியலிட்டாளாம். என் முதுகலை மாணவர்கள் சிலரின் களப்பணியைவிட அது நன்றாக இருந்தது என்பேன்.

இவற்றுக்குப் பின்னே ஒரு கல்விக் கொள்கை இருக்கிறது. கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் ஜோசப் ரென்சுல்லி 1970-களில் வகுத்த 'செறிவூட்டல்' முறையில் மூன்று படிகள் உண்டு. முதலாவது, பாடத்திட்டத்துக்கு வெளியே உள்ள உலகைக் குழந்தைகளுக்கு அறிமுகப்படுத்துவது. இரண்டாவது, சிந்திக்கவும் ஆராயவும் தேவையான திறன்களைப் பழக்குவது. மூன்றாவது, உண்மையான ஒரு சிக்கலை எடுத்துக்கொண்டு குழந்தை தானே ஆய்வாளராக இயங்குவது. மீத்திறன் என்பது நுண்ணறிவுத் தேர்வில் பெறும் எண் மட்டுமன்று. சராசரிக்கு மேற்பட்ட ஆற்றல், எடுத்த பணியை விடாத ஈடுபாடு, படைப்பாற்றல் ஆகிய மூன்றும் சந்திக்கும் இடம் அது என்றார் ரென்சுல்லி. முதல் படியும் இரண்டாம் படியின் பெரும்பகுதியும் எல்லாக் குழந்தைகளுக்கும் உரியவை என்பதும் அவர் நிலைப்பாடுதான். பள்ளிகள் வசதியாக மறந்துவிடும் பகுதி இது.

இத்துறையில் நெடுங்காலமாகக் கேட்கப்படும் மூன்று கேள்விகள் உண்டு. இந்தச் செயல்பாட்டை எல்லாக் குழந்தைகளும் விரும்புவார்களா? எல்லோராலும் செய்ய முடியுமா? எல்லோரும் செய்யத்தான் வேண்டுமா? மூன்றுக்கும் 'ஆம்' என்றால், அதைச் சிலருக்கு மட்டும் ஒதுக்க நியாயம் இல்லை. முட்டைக் கூட்டை இந்தச் சோதனைக்கு உட்படுத்திப் பாருங்கள். முட்டை உடையாமல் தரையிறங்குவதைக் காண விரும்பாத எட்டு வயதுக் குழந்தை எங்கே இருக்கிறது? அதே நேரத்தில் பக்கத்து அறையில் மற்றவர்கள் பெருக்கல் பயிற்சித்தாளை நிரப்பிக்கொண்டிருக்கிறார்கள் என்பதுதான் இத்திட்டத்தின் மிகப் பெரிய குறை. மாறாக, நான்காம் வகுப்பிலேயே ஆறாம் வகுப்புக் கணக்கை முடித்துவிட்ட குழந்தைக்கு அடுத்த பாடம் தேவை. அது எல்லோருக்கும் பொருந்தாது. அவளுக்குக் கொடுக்காமலும் இருக்க முடியாது. செறிவூட்டலும் வேகமான பாடமும் வெவ்வேறு என்பதைப் பிரித்துப் பார்த்துவிட்டால், நியூயார்க் சண்டையில் பாதி அடங்கிவிடும்.

மீதிப் பாதி, அந்த அறைக்குள் யார் நுழைகிறார்கள் என்பது. பொருளியல் படித்தவனுக்குச் சொல்ல ஏதாவது இருக்குமானால் அது இங்கேதான்.

நியூயார்க்கில் 2008-இல் நகரம் முழுவதற்கும் ஒரே தேர்வு, ஒரே தகுதி வரம்பு என்று கொண்டுவந்தார்கள். அதற்கு முன்பு ஒவ்வொரு கல்வி மாவட்டமும் தன் போக்கில் தேர்ந்தெடுத்துவந்தது. செல்வாக்குள்ளவர்கள் புகுந்துவிடுகிறார்கள் என்ற புகார் இருந்தது. எல்லோருக்கும் ஒரே அளவுகோல் என்பது நியாயமாகத்தானே தோன்றும்? விளைவு நேர்மாறாக இருந்தது. ஏழைக் குடும்பங்கள் மிகுந்த மாவட்டங்களில் ஒரு வகுப்பை நிரப்பக்கூடக் குழந்தைகள் கிடைக்கவில்லை. வசதியான பகுதிகளில் நான்கு வயதுக் குழந்தைகளுக்குத் தேர்வுப் பயிற்சி தரும் தனிப்பயிற்சி நிலையங்கள் பெருகின. பல ஆண்டுகளுக்குப் பிறகும், மீத்திறன் தொடக்க வகுப்புகளில் இருந்த ஏறத்தாழ 16,000 குழந்தைகளில் நான்கில் மூன்று பங்கினர் வெள்ளையர் அல்லது ஆசிய வம்சாவளியினர். நகரப் பள்ளிகளில் பெரும்பான்மையினரோ கறுப்பின, ஹிஸ்பானியக் குழந்தைகள். (அந்த ஆசியக் குழந்தைகளில் கணிசமானோர் குயின்ஸ், புரூக்ளின் பகுதிகளில் வசிக்கும், வருமானம் குறைந்த குடியேறிகளின் பிள்ளைகள். தம் பிள்ளைக்குக் கிடைத்த ஒரே ஏணியை எடுத்துவிடாதீர்கள் என்று அவர்கள் கேட்பதை எளிதாகப் புறந்தள்ள முடியாது.)

அளவுகோல் பொதுவானதுதான். ஆனால், அந்த அளவுகோலுக்கு முன்னால் குழந்தையைக் கொண்டுவந்து நிறுத்தும் பொறுப்பு பெற்றோருடையதாக இருந்தது. தேர்வு இருப்பதை அறிந்து, பதிவு செய்து, குறித்த நாளில் வேலைக்கு விடுப்பெடுத்து அழைத்து வர வேண்டும். 2021 ஜனவரியில் நகரக் கல்விக் குழு 8-க்கு 7 என்ற வாக்கில் தேர்வு ஒப்பந்தத்தை நிராகரித்த பிறகு, மழலையர் பள்ளி ஆசிரியரின் பரிந்துரையும் குலுக்கலும் அந்த இடத்துக்கு வந்தன.

பரிந்துரையை நம்பலாமா? இத்துறையின் வரலாற்றிலேயே ஒரு பழைய எச்சரிக்கை இருக்கிறது. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் லூயிஸ் டெர்மன் 1921-இல் கலிஃபோர்னியப் பள்ளிகளில் மேதைக் குழந்தைகளைத் தேடத் தொடங்கினார். ஆசிரியர்களிடம் பெயர் கேட்டு, அப்பெயர்களில் பெரும்பாலானவற்றிலிருந்தே நுண்ணறிவுத் தேர்வு வழியாக 1,500 பேர் வரை தேர்ந்தெடுத்தார். அவர்களில் ஒருவர்கூட நோபல் பரிசு பெறவில்லை. அந்தத் தேடலில் சோதிக்கப்பட்டு, மதிப்பெண் போதாதென்று விடப்பட்ட இரண்டு சிறுவர்களான வில்லியம் ஷாக்லியும் லூயிஸ் அல்வாரெஸும் பின்னாளில் இயற்பியல் நோபல் பெற்றார்கள். வகுப்பில் முன் வரிசையில் அமர்ந்து, தெளிவாகப் பேசி, அழகாக எழுதும் குழந்தை ஆசிரியர் கண்ணில் முதலில் படுகிறது. என் வகுப்பறை ஆண்டுகளிலும் அப்படித்தான். கடைசி வரிசையில் வாய் திறக்காதிருப்பவன் விடைத்தாளில்தான் தெரிவான்.

பரிந்துரைக்குக் காத்திராமல் எல்லாக் குழந்தைகளையும் பார்த்தால் என்ன ஆகும்? இதற்கு ஃபுளோரிடா மாநிலத்தில் மயாமிக்கு வடக்கே உள்ள ப்ரோவர்டு மாவட்டத்தின் அனுபவம் விடை தருகிறது. 2005 முதல் அங்கே இரண்டாம் வகுப்புக் குழந்தைகள் அனைவருக்கும் பள்ளியிலேயே, மொழியறிவைச் சாராத, வடிவங்களை மட்டும் கொண்ட சிறு தேர்வு நடத்தப்பட்டது. அதில் உயர்ந்தவர்களை மாவட்டத்தின் உளவியலாளர்கள் கட்டணமின்றித் தனியாகச் சோதித்தார்கள். தகுதி வரம்பு ஒரு புள்ளிகூடக் குறைக்கப்படவில்லை. மீத்திறனாளர் என்று கண்டறியப்பட்ட ஹிஸ்பானியக் குழந்தைகளின் பங்கு 2 விழுக்காட்டிலிருந்து 6 ஆகவும், கறுப்பினக் குழந்தைகளின் பங்கு 1-லிருந்து 3 ஆகவும் உயர்ந்தது. வெள்ளையரிலும் 6 விழுக்காடு 8 ஆனது. இதை ஆராய்ந்தவர்கள், 2021-இல் பொருளியல் நோபல் பெற்ற டேவிட் கார்டும், அவருடன் பணியாற்றிய லாரா கியுலியானோவும். பழைய முறையில் விடுபட்டவர்கள் யார் என்று அவர்கள் பார்த்தபோது, ஏழைகள், ஆங்கிலம் புதிதாகக் கற்பவர்கள், சிறுபான்மையினர் ஆகியோருடன் பெண் குழந்தைகளும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள்.

இவ்விருவரின் இன்னோர் ஆய்வு எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. அதே மாவட்டத்தில் ஒரு விதி இருந்தது. ஒரு பள்ளியின் நான்காம் வகுப்பில் மீத்திறனாளர் ஒருவர் இருந்தாலும் தனி வகுப்பு அமைக்க வேண்டும். மீதமுள்ள இருக்கைகளை, முந்தைய ஆண்டுப் பொதுத் தேர்வில் அதிக மதிப்பெண் பெற்ற மற்றக் குழந்தைகளைக் கொண்டு நிரப்ப வேண்டும். நுண்ணறிவு எண் வரம்பை மயிரிழையில் தாண்டி உள்ளே வந்தவர்களின் வாசிப்பிலோ கணிதத்திலோ குறிப்பிடத்தக்க முன்னேற்றம் எதுவும் தெரியவில்லை. ஆனால், மதிப்பெண் அடிப்படையில் காலியிடத்துக்கு வந்த கறுப்பின, ஹிஸ்பானியக் குழந்தைகள் அரைத் திட்டவிலக்கம் அளவுக்கு உயர்ந்தார்கள். நூறு பேர் கொண்ட வரிசையின் நடுவில் நிற்பவர் ஏறத்தாழ இருபது பேரைத் தாண்டிச் செல்வதற்கு ஒப்பான உயர்வு இது. ஆறாம் வகுப்பு வரை அது நீடித்தது. அவர்கள் நீங்கிச் சென்ற சாதாரண வகுப்பில் எஞ்சியவர்களுக்கும் பாதிப்பு ஏற்படவில்லை.

அதாவது, யாருக்காக அந்த வகுப்பு தொடங்கப்பட்டதோ அவர்களைவிட, அதன் ஓரத்தில் இடம் கிடைத்தவர்களுக்கே அது மிகுதியாகப் பயன்பட்டது. ஆசிரியரின் தரமோ சக மாணவரின் தரமோ இந்த வேறுபாட்டை விளக்கவில்லை. இக்குழந்தைகளிடம் ஆசிரியர்கள் குறைவாக எதிர்பார்ப்பதும், படிப்பவனைச் சக மாணவர்கள் கேலி செய்வதும் அந்த அறையில் இல்லாமற்போனதே காரணமாக இருக்கக்கூடும் என்கிறார்கள் ஆய்வாளர்கள். ஆகவே, தனி வகுப்பை ஒட்டுமொத்தமாக ஒழிப்பது சமத்துவம் என்று வாதிடுவோர் இந்த முடிவுக்கு விடை சொல்லியாக வேண்டும். வசதியுள்ள குடும்பத்துக் குழந்தைக்கு அந்த அறை இல்லாவிட்டால், வீட்டிலோ தனிப்பயிற்சியிலோ அது கிடைத்துவிடும். மற்றவளுக்குப் பள்ளிதான் ஒரே இடம்.

கைநழுவுவது என்ன என்பதற்கும் கணக்கு உண்டு. ராஜ் செட்டி உள்ளிட்ட ஐவர் 2019-இல் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர்கள் சுமார் 12 லட்சம் பேரின் காப்புரிமைப் பதிவுகளை அவர்களது குடும்ப வருமானத்தோடு இணைத்துப் பார்த்தது. உச்ச 1 விழுக்காட்டுக் குடும்பங்களில் பிறந்தவர்கள், வருமானத்தில் கீழ்ப்பாதியில் பிறந்தவர்களைவிடக் கண்டுபிடிப்பாளராகும் வாய்ப்பு பத்து மடங்கு. நியூயார்க் நகரப் பள்ளிகளின் மூன்றாம் வகுப்புக் கணித மதிப்பெண்களையும் அவர்கள் பயன்படுத்தினார்கள். அதில் முன்னணியில் நின்ற குழந்தைகளிலும், வசதியான குடும்பத்தில் பிறந்தவர்களே பெரும்பாலும் கண்டுபிடிப்பாளர்களானார்கள். எட்டு வயதில் ஒரே மதிப்பெண் பெற்ற இருவர் பின்னாளில் வெவ்வேறு திசைகளில் செல்கிறார்கள்.

சிங்கப்பூர் வேறொரு வழியை முயல்கிறது. 1984 முதல் நடந்துவந்த மீத்திறன் கல்வித் திட்டத்தில், தொடக்கநிலை மூன்றில் நடத்தும் தேர்வின் மூலம் முதல் 1 விழுக்காட்டினரை ஒன்பது பள்ளிகளில் திரட்டினார்கள். அந்த அமைப்பு இப்போதுள்ள வடிவில் தொடராது என்று 2024 ஆகஸ்டில் பிரதமர் லாரன்ஸ் வோங் அறிவித்தார். இனி ஒவ்வொரு தொடக்கப் பள்ளியும் தன் குழந்தைகளுக்குத் தானே இதைச் செய்ய வேண்டும்; கூடுதல் தேவையுள்ளவர்கள் அருகிலுள்ள பள்ளியில் பள்ளி நேரத்துக்குப் பின் பயில்வார்கள். இதன் பயன் தெரியச் சில ஆண்டுகளாகும்.

மீண்டும் நியூயார்க்கிற்கு வருவோம். மம்தானியின் அறிவிப்பு மழலையர் வகுப்பைப் பற்றியது மட்டுமே. மூன்றாம் வகுப்பில் தொடங்கும் மீத்திறன் வகுப்புகளை அவர் தொடவில்லை. பத்திரிகைகள் இந்த வேறுபாட்டைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. நான்கு வயதில் எடுக்கும் அளவு பெரும்பாலும் வீட்டின் அளவுதான் என்பதால், அந்த நுழைவாயிலை மூடுவதில் எனக்கு மாறுபாடு இல்லை. மூன்றாம் வகுப்பு நுழைவாயிலைத்தான் அவர் கவனிக்க வேண்டும். ஆடம்ஸ் காலத்து ஏற்பாட்டின்படி, ஒவ்வொரு பள்ளியிலும் இரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணில் முதல் பத்து விழுக்காட்டினரின் குடும்பங்கள் விண்ணப்பிக்க அழைக்கப்பட்டன. எல்லாப் பள்ளிகளையும் உள்ளடக்கியது என்ற வகையில் இது நல்லது. ஆயினும், மதிப்பெண் இடுவது அதே வகுப்பாசிரியர். அழைப்புக்கு விடையளிக்க வேண்டியது அதே பெற்றோர். ப்ரோவர்டில் நடந்ததுபோல் எல்லாக் குழந்தைகளுக்கும் பள்ளி நேரத்திலேயே ஒரு சிறு தேர்வு வைத்து, தேர்வானவரைப் பெற்றோர் வேண்டாமென்று எழுதித் தந்தாலொழிய வகுப்பில் சேர்ப்பதில் தடையேதும் இல்லை.

செலவு ஆகும். நியூயார்க் கல்வித் துறை ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 கோடி டாலர் செலவிடுகிறது. அதில் இது மிகச் சிறிய தொகையாகவே இருக்கும். ஆனால், சிறிய தொகைகள்தான் முதலில் வெட்டப்படுகின்றன. பொருளாதார மந்தநிலையை அடுத்து 2010-இல் ப்ரோவர்டு மாவட்டம் நிதி நெருக்கடியால் அந்தப் பொதுத் தேர்வை நிறுத்தியது. மீத்திறன் வகுப்புகள் நிறுத்தப்படவில்லை. அவை வழக்கம்போல் நடந்தன. பழைய பரிந்துரை முறை திரும்பியது. இன வேறுபாடும் முன்பிருந்த அதே அளவுக்குத் திரும்பியது. 2012-இல் வேறொரு தேர்வுடன் மீண்டும் தொடங்கினார்கள். இடையில் இரண்டாம் வகுப்பைக் கடந்துவிட்ட குழந்தைகளை யாரும் திரும்ப அழைத்துச் சோதிக்கவில்லை.