தேள் கடுப்பு

அம்பத்தூரில் தோழி வீட்டு மொட்டைமாடியில் கறுப்பு பீர் குடித்தேன். நாக்கில் சாக்லேட் கசப்பு. விழுங்கியபின் தொண்டையில் மிளகாய். இரண்டும் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு, ஔவை அறியாதவை. எரிச்சலை அறிவாள்: தேள் கொட்டியதுபோல் கடுக்கும் முதிர்ந்த தேறலைப் புறநானூறு 392இல் பாடியிருக்கிறாள். 235இல், கள் கொஞ்சமே கிடைத்தால் எங்களுக்கே தந்துவிடுவானே என்று அதியமான் சாவுக்கு அழுகிறாள்.

மேடைதோறும் இந்தப் பாட்டுக்கு உருகும் தமிழய்யாக்கள் நான் குடித்தேன் என்றதும் முகம் சுளிக்கிறார்கள். "டாஸ்மாக்கை மூடச் சொல்லிப் பெண்கள் போராடும்போது நீங்களா, மேடம்?"

அவர்கள் போராடுவது பறிபோன கூலிக்காக, வாங்கிய அடிக்காக. 2003 முதல் சில்லறை விற்பனை அரசு கையில். அந்த வரிசையில் நிற்கும் எந்த ஆணிடம் பண்பாடு கேட்டீர்கள், ஐயா?

திங்கட்கிழமை இரண்டாமாண்டுக்கு 235 நடத்துகிறேன். கள் என்றால் கள் என்றே சொல்வேன்.