நிமிர்ந்து நிற்பது கர்வமா?



"பெண் பிள்ளை தலை குனிந்து நடக்க வேண்டும்" என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். உயரமாக வளர்ந்த பெண்களோ கேலிக்கு அஞ்சித் தோளைக் குறுக்கிக் கூனி நடக்கிறார்கள். நானும் அவர்களில் ஒருத்தியாக இருந்தவளே. ஆனால் கூனி நிற்பது அடக்கமன்று. உடலுக்கு நாமே இழைக்கும் தீங்கு என்பது என் கருத்து.

செங்கற்பட்டிலிருந்து மாமல்லபுரத்திற்குச் சுற்றுலா சென்றபோது மகிடாசுரமர்த்தினி குகையைக் கண்டோம். பல்லவச் சிற்பி செதுக்கிய போர்க்காட்சி அது. சிங்கத்தின் மேல் துர்க்கை வில்லேந்தி முன்னேறுகிறாள். அசுரனோ உருவில் பெரியவன். கையில் கனத்த கதை. ஆயினும் அவன் உடல் பின்னோக்கிச் சாய்ந்துவிட்டது. வெல்பவர் யார் என்பதை நிற்கும் நிலையே சொல்லிவிடுகிறது!

உடன் வந்த உடற்கல்வி ஆசிரியை என்னை அசுரனைப் போல் சாய்ந்து நிற்கச் சொல்லி, ஒரு விரலால் தள்ளினார். தடுமாறினேன். முழங்காலைச் சற்று மடித்து, முதுகை நிமிர்த்தி நின்றதும் அசையவில்லை.

ஐரோப்பிய வாட்போர் ஆசான்களும் இதையே ஆராய்ந்தார்கள். இத்தாலியரான கமில்லோ அக்ரிப்பா 1553-இல் வெளியிட்ட நூலில் வாட்போரை வடிவ கணிதத்தால் விளக்கினார். ஐரோப்பிய மரபில் வளர்ந்ததே இன்றைய வாள்வீச்சு விளையாட்டு. அதில் முன்பாதம் எதிராளியை நோக்கும். பின்பாதம் அதற்குக் குறுக்காக இருக்கும். எடை இரு கால்களிலும் சமமாக விழும், தோள்கள் தளர்ந்திருக்கும். பாயும்போது முதலில் கை நீளும். பின்காலின் உந்துதல் உடலை முன் செலுத்தும். முன் முழங்கால் பாதத்தைத் தாண்டினால் மூட்டு வருந்தும், மீளவும் தாமதமாகும். ஆக, வாளின் வலிமை கையில் மட்டுமன்று, காலிலும் முதுகிலும் இருக்கிறது.

சென்னையைச் சேர்ந்த சி. ஏ. பவானி தேவி பள்ளி மாணவியாக இருந்தபோது, 2004-இல், இக்கலையைத் தொடங்கினார். அப்போது மூங்கில் குச்சிகளே பயிற்சி வாள்கள். 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆடிய முதல் இந்திய வாள்வீச்சு வீராங்கனை அவரே. முதல் ஆட்டத்தில் 15-3 என வென்றார். அடுத்ததில் 7-15 எனத் தோற்றார். தோல்வியும் அவர் பெருமையைக் குறைக்கவில்லை.

"நமக்கு வாள் எதற்கு?" என்று பெற்றோர் கேட்கலாம். வாள் வேண்டாம், அந்த நிலை வேண்டும். புத்தகப் பையை ஒரே தோளில் சுமக்கிறோம். எழுதும்போது மேசைமேல் கவிழ்கிறோம். தேர்வு நெருங்கினால் முதலில் பறிபோவது விளையாட்டு வகுப்பே. அதை மட்டும் எங்களுக்கு விட்டுத் தாருங்கள் என்று ஆசிரியர்களையும் அருட்சகோதரியரையும் பணிவுடன் வேண்டுகிறேன்.

பணிவு மனத்தில் இருக்கட்டும், தோழியரே. முதுகு நேராக இருக்கட்டும்!

— பதினொன்றாம் வகுப்பு மாணவி